வியோலாவில் ‘எஸ்த்ரெயிதா’: எந்த வடிவத்தை எடுப்பது?

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தணிந்த சுருதியுள்ள வியோலாவை வாசிக்கும் கலைஞர் ஒருவர், இரண்டு கனமான சொனாட்டாக்களுக்கு நடுவிலோ கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் மறுபடி கேட்கும்போதோ வாசிப்பதற்கு, மெக்ஸிகோ இசையமைப்பாளர் ஒருவரின் மூன்று நிமிட உருப்படி வேண்டும் என்று தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது மானுவேல் மரியா போன்ஸேயின் ‘எஸ்த்ரெயிதா’தான். ஆனால் அது வியோலாவுக்கு எழுதப்பட்டதன்று. 1912-இல் குரலுக்கும் பியானோவுக்குமாகப் போன்ஸே அமைத்த பாடல் அது, சொற்களும் அவருடையவையே. தொலைவிலுள்ள சின்ன நட்சத்திரத்தைக் கீழே இறங்கி வரச்சொல்லி, தன்னைக் கொஞ்சமேனும் ஒருவர் நேசிக்கிறாரா என்று கேட்பது மட்டுமே அதன் பொருள். ஆகவே வியோலாக்காரர் முடிவு செய்ய வேண்டியது, இந்தப் பாடலை எந்த வழியாகத் தம் வாத்தியத்துக்குக் கொண்டுவருவது என்பதைத்தான். வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் தம் வாத்தியத்துக்குச் செய்த புகழ்பெற்ற வடிவத்தை ஐந்தாம் ஸ்வரம் கீழே (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி அளவு) இறக்கி வாசிக்கலாம். பாடலின் ஸ்வரக்குறிப்புத் தாளையே எடுத்துத் தாமே அமைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்று செல்லோவுக்கு எழுதப்பட்ட வேறொரு மெக்ஸிகோ உருப்படிக்கு மாறலாம். மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன். ஆயினும் முதல் வழியை ஒதுக்குவது அவ்வளவு எளிதன்று.

வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குப் போன்ஸேயைப் பற்றிச் சிறிது சொல்லிவிடலாம். 1882-இல் ஸகதேகாஸ் மாநிலத்தின் ஃப்ரெஸ்னியோவில் பிறந்து, அகுவாஸ்காலியென்தெஸில் வளர்ந்தவர். பொலோன்யாவிலும், பிறகு பெர்லினில் மார்ட்டின் க்ரௌஸவிடமும் பயின்றவர். பின்னாளில் நாற்பது வயதைக் கடந்த நிலையில் பாரிஸுக்குச் சென்று பிரெஞ்சு இசையமைப்பாளர் போல் துகாவிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். மெக்ஸிகோவின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து, அவற்றுக்குக் கச்சேரி மேடைக்குரிய ஒத்திசைவைக் கொடுத்தவர் என்பதால், ‘எஸ்த்ரெயிதா’வையும் நாட்டுப்பாடல் என்று எண்ணியவர்கள் ஏராளம். உண்மையில் அதன் ஒத்திசைவு ஐரோப்பிய வரவேற்பறைப் பாடலின் வழியில் வந்தது; ஷூமானையும் ஷோப்பானையும் கைப்பழக்கமாக வைத்திருந்த ஒரு பியானோக்காரரின் விரல்களிலிருந்து பிறந்தது. வியோலாவுக்கு மாற்றுகிறவர் இதை மறக்கக்கூடாது. பியானோவை வெறும் தாளக் கருவியாக்கி, மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பாடலில் பாதி போய்விடும்.

முதலில் ஹைஃபெட்ஸின் வடிவம். இன்று உலகத்தில் ‘எஸ்த்ரெயிதா’ என்றவுடன் வாத்தியக்காரர்களின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அதுவே. 1939-இல் வெளியான ஹாலிவுட் படம் ஒன்றில் அவர் திரையில் தோன்றி இதை வாசித்திருக்கிறார். பரவலாகக் கிடைக்கும் பாடல் தாள் எஃப் மேஜரில் (எஃப்பை ஆதாரமாகக் கொண்ட ஸ்வர வரிசை, அதாவது ஸ்கேல்) இருக்க, ஹைஃபெட்ஸ் அதை அரை ஸ்வரம் உயர்த்தி எஃப் ஷார்ப் மேஜரில் அமைத்தார். ஆறு ஷார்ப்புகள் (அரை ஸ்வரம் உயர்த்தும் குறிகள்) என்றவுடன் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த அரை ஸ்வரத்தில்தான் அவருடைய காது இருக்கிறது.

வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. எஃப் மேஜரில் இந்த நான்கு ஸ்வரங்களும் இடம்பெறுகின்றன. எனவே விரல் அவற்றில் ஒன்றையோ அதன் ஆக்டேவையோ (அடுத்த ஸ்தாயியில் வரும் அதே ஸ்வரத்தையோ) தொடும்போதெல்லாம் தொடப்படாத தந்தியும் சேர்ந்து அதிர்ந்து, ஒலி திறந்து பளிச்சிடும். எஃப் ஷார்ப் மேஜரிலோ நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் விரலால் அழுத்தப்பட்டே பிறக்க வேண்டும். மற்றத் தந்திகள் துணைக்கு அதிர்வதில்லை. விளைவு, மெல்லிய திரை போட்டதுபோன்ற, ஒரே சீரான, உள்ளடங்கிய நாதம். எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கும் விரலை வழுக்கிச் செல்ல முடியும்; நடுவில் திறந்த தந்தி வந்து அந்த வழுக்கலைத் துண்டிக்காது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாரு என்றால் புரியும். மேற்கத்திய வயலினில் அதைப் போர்ட்டமென்டோ என்பார்கள். ஹைஃபெட்ஸின் வாசிப்பில் அதுவே உயிர். இலக்கு ஸ்வரத்தை அடைவதற்குச் சற்று முன்பு மட்டும் வேகம் கூடும் அவருடைய வழுக்கல், இந்தப் பாடலின் அகன்ற தாவல்களுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும்.

இதை வியோலாவுக்கு இறக்கினால் என்ன ஆகும்? வியோலாவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினைவிட ஐந்தாம் ஸ்வரம் கீழே. எஃப் ஷார்ப் மேஜர் அவ்வாறே கீழிறங்கினால் பி மேஜர். பி மேஜரில் சி, ஜி, டி, ஏ ஆகிய நான்குமே கிடையாது. அதாவது ஹைஃபெட்ஸ் வயலினில் உண்டாக்கிய அந்தத் திரையிட்ட நாதம், தந்தி பிசகாமல், விரல் பிசகாமல், வியோலாவுக்கு அப்படியே வந்து சேர்கிறது. வயலினில் இதைக் கற்றுவிட்டு வியோலாவுக்கு மாறியவருக்குப் புதிதாக விரல் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பியானோக்காரருக்கும் பி மேஜர் தொல்லையன்று. நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்வதால்தான் ஷோப்பான் தம் மாணவர்களுக்கு ஸ்கேல்களில் இதையே முதலில் கொடுத்தார். காகிதத்தில் பார்த்தால் இது குறையற்ற தேர்வு.

குறை ஒலியில் இருக்கிறது. வயலினைவிட ஐந்தாம் ஸ்வரம் கீழே ஒலிக்கும் வாத்தியம் வயலினின் அதே ஒலிச்சமநிலையைப் பெற வேண்டுமானால், அதன் உடல் ஒன்றரை மடங்கு நீளமாக, ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வயலினின் உடல் ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர், பெரும்பாலான வியோலாக்கள் 40 முதல் 42-க்குள் நின்றுவிடுகின்றன, ஏனென்றால் அதற்கு மேல் தோளும் கையும் இடம் தராது. இந்தப் பற்றாக்குறைதான் வியோலாவின் கரகரத்த, சற்றே மூடிய குரலுக்குக் காரணம். அந்தக் குரலுக்காகத்தான் நாம் இந்த வாத்தியத்தை விரும்புகிறோம். வயலின் இயல்பிலேயே பளிச்சென்றிருப்பதால் அதற்கு எஃப் ஷார்ப் மேஜரின் திரை அழகு சேர்த்தது. ஏற்கெனவே திரையிட்ட குரலுக்கு மேல் இன்னொரு திரையைப் போட்டால் முகமே தெரியாமல் போகும். சிறிய அறையில், தரைக் கம்பளம் இல்லாத இடத்தில் இது ஓரளவு செல்லும். பெரிய அரங்கில், மூடி முழுதும் திறந்த கிராண்ட் பியானோவோடு வாசிக்கும்போது, சி தந்தியில் வரும் பகுதிகள் மூன்றாம் வரிசையைத் தாண்டாது என்பதே என் கருத்து.

பியானோவையும் ஐந்தாம் ஸ்வரம் கீழே இறக்கித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் இரண்டாவது சிக்கல். வியோலாவின் சி தந்தி ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஏ தந்தி 440. பியானோவின் இடது கை இணைஸ்வரங்கள் (ஒருங்கே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) குழுமும் பகுதியும் இதே எல்லைக்குள்தான். வயலினுக்கு எழுதப்பட்ட பியானோப் பகுதியை அப்படியே கீழே தள்ளினால், இடது கையின் நெருக்கமான இணைஸ்வரங்கள் கலங்கிய குழம்பாகி, வியோலாவின் மெட்டை விழுங்கிவிடும். அச்சில் வரும் பல வியோலா மாற்றங்களில் இதைக் கவனித்துச் சரிசெய்வதில்லை. தாளைக் கணினியில் ஏற்றி, ஒரே சொடுக்கில் ஐந்தாம் ஸ்வரம் இறக்கி அச்சிட்டுவிடுவது இப்போது மிகச் சுலபமாகிவிட்டது. வாங்குவதற்கு முன்பு இடது கையின் முதல் எட்டுத் தாள அளவுகளை மட்டும் பியானோவில் வாசித்துப் பார்த்தாலே போதும். கலங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி இரண்டாவது வழி: பாடலின் தாளிலிருந்து நேரடியாக அமைப்பது. இது கூடுதல் வேலை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வியோலாவுக்கு எந்த ஸ்கேல் பொருந்தும் என்ற கேள்வியை, வயலினின் வழியாக அல்லாமல், வியோலாவிடமே கேட்க முடிகிறது. எஃப் மேஜரிலேயே வைத்துக் குரலின் சுருதியில் வாசித்தால், மெட்டு உயரும் இடங்களில் பெரும்பாலும் ஏ தந்தியிலேயே தொங்கிக்கொண்டிருக்க நேரும். வியோலாவின் ஏ தந்தி மூக்கொலி கலந்தது, சிலருக்கு அது பிடிக்கும், இந்தப் பாடலுக்கு மூன்று நிமிடமும் அதுவே என்றால் சலித்துவிடும். ஒரு ஆக்டேவ் கீழே வாசித்தால் மெட்டு நல்ல இடத்தில் அமர்ந்தாலும், பியானோவின் வலது கை அதற்கு மேலே நின்றுகொண்டு, பாட வந்தவரைத் துணைக்கு வந்தவர் மறைப்பதுபோல் ஆகிவிடும். டி மேஜரில் டி, ஜி, ஏ மூன்று தந்திகளும் ஸ்கேலின் முதல், நான்காம், ஐந்தாம் ஸ்வரங்களாகவே அமைவதால் வாத்தியம் முழுக்க அதிரும்; ஆனால் அது கிராமிய ஃபிடிலின் கொண்டாட்ட ஒலி. கெஞ்சிக் கேட்கும் ஒரு பாடலுக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது.

நான் பரிந்துரைப்பது பி ஃபிளாட் மேஜர். எஃப் மேஜருக்கு ஐந்தாம் ஸ்வரம் கீழே, இரண்டே ஃபிளாட்டுகள். இதில் சி, ஜி, டி, ஏ நான்கும் ஸ்கேலுக்குள் வருகின்றன. ஆனால் அவை இரண்டாம், ஆறாம், மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள். ஆதார ஸ்வரமான பி ஃபிளாட்டும் ஐந்தாம் ஸ்வரமான எஃப்பும் திறந்த தந்திகளல்ல. ஆகையால் மெட்டு நடந்துகொண்டிருக்கும்போது வாத்தியம் அங்கங்கே தானாக ஒளிர்கிறது. ஆதார ஸ்வரத்துக்கு வந்து அமரும்போதெல்லாம் நாதம் உள்ளடங்கிவிடுகிறது. கேள்வி கேட்கும் இடத்தில் திறந்தும், பதில் வராமல் அடங்கும் இடத்தில் மூடியும் ஒலிப்பது இந்தப் பாடலுக்கு ஏற்றதுதானே. மூன்றாம் ஸ்வரமான டி-யை நான்காம் விரலால் ஜி தந்தியிலும், திறந்த டி தந்தியிலும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு குரல்கள் கிடைக்கும். முதல் முறை வரும்போது மூடிய டி, அதே வரி திரும்ப வரும்போது வைப்ரேட்டோ (விரலை அசைத்து உண்டாக்கும் நடுக்கம்) இல்லாத திறந்த டி என்று வைத்தால், ஒலியைக் கூட்டாமலே வேறுபாடு கேட்கும். பி மேஜரில் இந்த வசதி எதுவும் இல்லை.

பியானோவுக்கு என்ன செய்வது? எல்லாவற்றையும் கீழே இறக்காமல், கீழ் ஸ்வரத்தை மட்டும் இறக்கி, நடு ஸ்வரங்களை ஒரு ஆக்டேவ் மேலே அடுக்கிக்கொண்டால் கலக்கம் தீரும். வேறொரு முறையும் உண்டு: வியோலாவை ஐந்தாம் ஸ்வரம் கீழே இறக்கி, பியானோவை மட்டும் நான்காம் ஸ்வரம் மேலே ஏற்றுவது. ஸ்கேல் ஒன்றேதான், ஆனால் பியானோ தெளிவாகிவிடும். அப்படிச் செய்தால் வலது கை எங்கெல்லாம் மெட்டை இரட்டிக்கிறதோ அங்கெல்லாம் அந்த இரட்டிப்பை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வியோலா தன் சொந்த மெட்டுக்கு ஒரு ஆக்டேவ் கீழே துணைக்குரல் வாசிப்பதுபோல் தோன்றும். பாடலை இருமுறை வாசிப்பது வழக்கம். முதல் முறையைக் கீழ்த் தந்திகளில் வைத்து, இரண்டாம் முறையின் பின்பாதியை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே கொண்டுபோனால் போதுமானது. முழுவதையும் மேலே கொண்டுபோக ஆசை வரும். வியோலா அங்கே வயலினோடு போட்டியிடத் தொடங்கித் தோற்கும்.

இந்த வழிக்கு இன்னொரு வலுவும் உண்டு. தாளில் பாடலின் சொற்கள் இருக்கின்றன. எங்கே பாடகர் மூச்செடுப்பார், எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதை வியோலாக்காரர் அதிலிருந்தே அறிந்து, வில்லைத் திருப்பும் இடங்களைத் தீர்மானிக்கலாம். ஹைஃபெட்ஸின் தாளிலிருந்து தொடங்குகிறவருக்கு ஹைஃபெட்ஸின் வில்தான் தெரியும். அது ஒரு மேதையின் வில் என்பதில் ஐயமில்லை, ஆனால் ஏற்கெனவே ஒருவர் பாடி முடித்த பாட்டு அது. வயலினுக்கும் குரலுக்கும் எழுதியவற்றை வியோலாவுக்கு மாற்றி அமைப்பதை வியோலா மேதைகளான லயனல் டெர்ட்டிஸும் வில்லியம் ப்ரிம்ரோஸும் ஒரு மரபாகவே வளர்த்தார்கள். தம் வாத்தியத்துக்கு இலக்கியம் குறைவு என்பதை அறிந்து அவர்கள் செய்த வேலை அது. அந்த மரபில் வந்தவருக்கு இது புதிய சுமையன்று.

உரிமை விவகாரத்திலும் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு உண்டு. போன்ஸே 1948-இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்னும் இந்தியச் சட்டப்படி 2008-ஆம் ஆண்டின் முடிவோடும், 70 ஆண்டுகள் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்குப்படி 2018-இன் முடிவோடும் அவருடைய பாடல் பொதுவுடைமையாகிவிட்டது. ஹைஃபெட்ஸ் மறைந்தது 1987-இல்; அவருடைய வடிவம் தனிப் படைப்பு என்பதால், அதே கணக்கில் இந்தியாவில் 2047 வரையிலும் ஐரோப்பாவில் 2057 வரையிலும் உரிமைக்குள் இருக்கும். மேடையில் வாசிப்பவர் அச்சிட்ட தாளை விலைகொடுத்து வாங்குவதோடு, பொது நிகழ்ச்சிக்கான உரிமம் அரங்கத்திடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.  அதை வியோலாவுக்கு மாற்றி எழுதி வெளியிடவோ, பதிவு செய்து விற்கவோ எண்ணுகிறவர் அனுமதி கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. போன்ஸேயே இந்தப் பாடலின் உரிமையைச் சரிவரப் பதிவு செய்யாமல் விட்டதால், உலகம் முழுதும் பாடப்பட்ட உருப்படியிலிருந்து அவருக்குப் பெரிய வருமானம் எதுவும் வரவில்லை என்பது இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

மூன்றாவது வழி, ‘எஸ்த்ரெயிதா’வையே விட்டுவிட்டு, செல்லோவுக்கு எழுதப்பட்டதைத் தேடுவது. செல்லோவின் தந்திகளும் சி, ஜி, டி, ஏதான். வியோலாவுக்குச் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே. ஆதலால் ஸ்கேலை மாற்றாமல், பியானோவைத் தொடாமல், வியோலாவுக்கு வழங்கும் குறியீட்டு முறையான ஆல்ட்டோ கிளெஃப்பில் எழுதிக்கொண்டாலே வாசிக்கலாம். போன்ஸேயே செல்லோவுக்கும் பியானோவுக்குமாக மூன்று முன்னிசைகள் எழுதியிருக்கிறார். பாரிஸில் பயின்றபின் அவர் பிடித்த ஒத்திசைவு எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவருக்கு அவை உகந்தவை. தெஹுவாகானில் பிறந்த ஹோவாகின் குதியெர்ரெஸ் ஹெராஸ் (1927–2012) எழுதிய ‘துறைமுகத்தில் ஒரு பாடல்’, 1994-ஐச் சேர்ந்தது, அடுத்துப் பார்க்கத்தக்கது. போன்ஸேயின் காலத்து இனிமையைத் தாண்டி, சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஒரு மெக்ஸிகோக்காரர் பாடலை எப்படிக் கேட்டார் என்பதை அது காட்டும். இதற்கு உரிமை முழுதும் நடப்பில் உள்ளது, தாளை முறைப்படி பெற வேண்டும்.

இந்த வழியின் இடர் மேல் ஸ்தாயியில் இருக்கிறது. செல்லோக்காரர் ஏ தந்தியின் நடுப்பகுதிக்கு மேலே போகும்போது கட்டைவிரலைத் தந்தியின் மீதே வைத்து, கையை ஒரு நிலையில் ஊன்றிக்கொள்கிறார். வியோலாவில் அதே இடத்துக்குப் போக, வாத்தியத்தின் தோள்பட்டையைச் சுற்றிக் கையை வளைக்க வேண்டும்; கட்டைவிரல் பின்னால் சிக்கிக்கொள்ளும். செல்லோவில் நிதானமாக மலரும் ஒரு வரி, வியோலாவில் பதற்றமாகிவிட இதுவே காரணம். போதாக்குறைக்கு, செல்லோவின் அடி ஸ்வரங்களோடு பின்னிக்கொள்ளுமாறு எழுதப்பட்ட பியானோவின் இடது கை, வியோலாவோடு சேரும்போது தனியே கீழே கிடக்கும். சில இடங்களில் அது அழகாகவே இருக்கும். எல்லா இடத்திலும் அப்படி அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மெக்ஸிகோ இசையமைப்பாளர் சில்வெஸ்ட்ரே ரெவுவெல்தாஸ் வயலினுக்கு எழுதிய மூன்று துண்டுகளை இந்த வரிசையில் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அவை 1932-ஐச் சேர்ந்தவை, கூர்மையானவை, நல்லவை. ஆனால் தேடுவது பாடல் போன்ற ஒன்று என்னும்போது அவற்றை இதில் இழுப்பதற்கு நியாயமில்லை.

ஆக, யாருக்கு எது? இசைக் கல்லூரித் தேர்விலோ நுழைவுப் போட்டியிலோ இடது கையின் தேர்ச்சியையும் வழுக்கலின் நயத்தையும் காட்ட வேண்டியவர், முன்பே வயலினில் இதை வாசித்தவர், ஹைஃபெட்ஸின் வடிவத்தைப் பி மேஜரில் எடுத்துக்கொள்ளலாம். பியானோக்காரரிடம் இடது கையை இலேசாக்கி, பெடலை அடிக்கடி மாற்றச் சொன்னால் ஓரளவு ஈடுகட்டலாம். மெக்ஸிகோ இசையை மட்டுமே வைத்து ஒரு முழு மாலை அமைப்பவர், குதியெர்ரெஸ் ஹெராஸையோ போன்ஸேயின் முன்னிசைகளையோ எடுத்தால் ரசிகர்களுக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும். மற்ற எல்லோருக்கும், அதாவது கச்சேரியில் மூன்று நிமிடம் மட்டும் இந்தப் பாடலுக்கு ஒதுக்கி, அதை வியோலாவின் குரலில் கேட்க விரும்புகிறவர்களுக்கு, பாடல் தாளும் பி ஃபிளாட் மேஜரும்தான்.

போன்ஸே தாமே இந்த மெட்டைத் தந்தி வாத்தியத்துக்குக் கொண்டுபோனபோது என்ன செய்தார் என்பதையும் இங்கே கவனிக்கலாம். 1943-இல் வயலின் கலைஞர் ஹென்றிக் ஷெரிங் முதன்முதலாக வாசித்த அவருடைய வயலின் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் ‘எஸ்த்ரெயிதா’ வருகிறது. முழுப் பாடலாக அல்லாமல், வேறொரு இசையின் ஊடே தலைகாட்டும் நினைவாக. முப்பது ஆண்டுகள் கழித்து அவரே அந்தப் பாடலைப் பழைய வடிவில் திரும்பச் சொல்ல விரும்பவில்லை. அவருக்கு வியோலாவும் அந்நியமன்று. வயலினுக்கும் வியோலாவுக்குமாக ஒரு சொனாட்டாவே எழுதியிருக்கிறார். புதிதாக அமைக்கிறவர் தயங்குவதற்குக் காரணம் இல்லை. நிகழ்ச்சித் தாளில் ‘போன்ஸே, 1912-ஆம் ஆண்டுப் பாடல்’ என்று போட்டு, வியோலாவுக்கு அமைத்தவர் பெயரைக் கீழே சிறிய எழுத்தில் சேர்த்துக்கொண்டால் போதும்; அடுத்து வாசிப்பவர் யாரிடம் தாள் கேட்பது என்று அலைய வேண்டியிருக்காது.